தாங்கித் தாங்கித் தளர்த்துகிறோம்



நம் சங்கத் தொண்டர் குழுவைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். மருத்துவம் நாடித் தென்னாட்டிலிருந்து இந்தத் தில்லிக்கு வரும் தமிழருக்கும், இங்கேயே பிழைக்க வந்து நோயில் விழுந்த தமிழருக்கும் இந்தி பேசத் துணை நிற்கிறோம். சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறோம். சக்கர நாற்காலி தள்ளுகிறோம். நல்ல தொண்டுதான், மறுப்பார் இலர். ஆயினும் சிறுநீரக நோயாளிகளைப் பொறுத்தமட்டில் நம் தொண்டில் ஒரு பகுதி அவர்களுக்குத் தீங்காய் முடிகிறது என்பது என் கருத்து. குழுவில் இரண்டாண்டு இருந்தவன் என்ற உரிமையோடும், அதே தீங்கை என் வீட்டிலேயே செய்தவன் என்ற வெட்கத்தோடும் இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமனுக்கு வயது 46. விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 2000-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்தவர். அவர் பின்னால்தான் எங்கள் குடும்பம் வந்தது. இட்லி வண்டி வைத்திருந்தார். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு படியேறுவார். சிறுவனாயிருந்த நான் பின்னால் ஓடுவேன். 2023-இல் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அன்று முதல் வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வண்டியை இப்போது அத்தை பார்த்துக்கொள்கிறார்.

நாங்கள் மாமாவைத் தாங்கினோம். எப்படித் தாங்கினோம் என்கிறீர்கள்! தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் எடுக்கக்கூடாது. கடைக்குப் போகக்கூடாது. வாசலில் ஆட்டோ, மருத்துவமனை வாயிலில் சக்கர நாற்காலி, திரும்பி வந்தால் கட்டில். "புரதம் சிறுநீரகத்துக்கு நஞ்சு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டார். கஞ்சியும் இரண்டு இட்லியும் உணவாயின. இவையெல்லாம் அன்பினால் செய்தவை. அதில் ஐயமில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் இரத்தச் சோதனைத் தாள் வந்தது. கிரியாட்டினின் அளவு முன்னைவிட நன்றாகக் குறைந்திருந்தது. "தம்பிக்குக் குறைஞ்சிருக்குப்பா!" என்று அம்மா கண் கலங்கினார். அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். மாமாவுக்கு ஒரு கரண்டி. மீதியைத் தின்றது நான். உயிர் வேதியியலில் முதுகலை படிக்கும் நான்! அதே வாரம்தான் ஆய்வுக்கூடத்தில் கார பிக்ரேட் கரைசலில் கிரியாட்டினினைச் சேர்த்து ஆரஞ்சு நிறம் வருவதைப் பார்த்திருந்தேன். மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்டறிந்த வினை அது. நிறத்தின் அடர்த்தியை அளந்தேன், வரைபடம் போட்டேன், மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்தக் கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது என்று கேசரித் தட்டை ஏந்தியபோது எண்ணிப் பார்க்கவில்லை.

அது தசையிலிருந்து வருகிறது, தோழர்களே. தசையில் உள்ள கிரியாட்டின் நாள்தோறும் சிறிதளவு கிரியாட்டினினாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் ஏறும். ஏறுவது கெடுதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிறுநீரகம் அறவே செயலிழந்த ஒருவருக்கு, டயாலிசிஸ் முறையில் மாற்றம் ஏதும் இல்லாதபோது, அது மாதா மாதம் இறங்கினால் பொருள் என்ன? பெரும்பாலும், தசை தேய்ந்துவிட்டது என்பதுதான். உலையில் விறகு குறைந்ததால் புகை குறைந்திருக்கிறது. நாங்கள் புகை குறைந்ததற்கு விழா எடுத்தோம்.

எடை பார்க்கும் கருவியும் எங்களை ஏமாற்றியது. உடலில் தங்கும் நீர் எடையைத் தாங்கிப் பிடிக்கும். உள்ளே சதை கரைந்துகொண்டே இருக்கும். முள் அதே எண்ணில் நிற்கும். நாமும் "குறையவில்லை" என்று நிம்மதியாக இருப்போம். மாமா கழிவறையிலிருந்து எழ முடியாமல் சரிந்து விழுந்த அன்றுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகக்கூட அந்தக் கைகளுக்கு வலுவில்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

இதை மருத்துவ உலகம் நலிவு என்ற பொருளில் ஒரு தனி நிலையாகவே கருதுகிறது. லிண்டா ஃப்ரீட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001-இல் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: தானாக எடை குறைதல், ஓயாத சோர்வு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மெதுவாதல், உடலுழைப்பு அருகுதல். ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. முதியோரைப் பற்றிச் சொன்ன இலக்கணம் இது. சிறுநீரக நோயிலோ முதுமை வரும்வரை அது காத்திருப்பதில்லை. டயாலிசிஸ் தொடங்கியவர்களைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூவரில் இருவருக்கு நலிவு இருந்தது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிலும் நூற்றுக்கு 44 பேருக்கு இருந்தது. நோயாளிகளின் வாய்மொழியைக் கொண்டு கணக்கிட்ட எண்ணிக்கை அது. நடக்கவைத்து அளந்தால் குறையும். குறையட்டும். நாற்பது வயதாகாத ஒருவர் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுவது நமக்கு வியப்பாக இருக்க வேண்டாமா?

காரணம் ஒன்றல்ல. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றாதபோது இரத்தத்தில் அது மிகும். அந்த அமிலமே தசைப் புரதத்தைச் சிதைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. அழற்சி அதற்குத் துணை போகிறது. எரித்ரோபாயெட்டின் குறைவதால் இரத்தசோகை. வைட்டமின் டி முழு வடிவம் பெறாமையால் எலும்பும் தசையும் வலுவிழக்கின்றன. பசியும் மந்தம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் நீரோடு போய்விடுகின்றன. இவற்றின் மேல் நாம் வேறு பட்டினி போட்டுப் படுக்கவைக்கிறோம்!

புரதத்தைப் பற்றி ஒரு சொல். அம்மா கேட்ட அறிவுரை முழுப் பொய்யன்று. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மருத்துவர் புரதத்தை அளவோடு நிறுத்துவது உண்டு. தொடங்கிய பின் கணக்கு தலைகீழாகிறது. 2020-இல் வந்த அமெரிக்க ஊட்டச்சத்து வழிகாட்டி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். கஞ்சியிலும் இரண்டு இட்லியிலும் அது எங்கே கிடைக்கும்? பழைய அறிவுரையை மாற்ற எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்த டயாலிசிஸ் மையத்தில் இரண்டாண்டாக மாமாவின் இரத்தத்தை மாதந்தோறும் சோதித்தார்கள். ஒரு முறையேனும் "எழுந்து நடந்து காட்டுங்கள்" என்று எவரும் கேட்டதில்லை. ஒரு செவிலியர் பதினைந்து பேரைப் பார்க்கும் இடத்தில் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நான் கேட்டிருக்கலாம்.

"நோயாளிக்கு ஓய்வு வேண்டாமா?" என்று நம் செயலாளர் கேட்டார். வேண்டும். டயாலிசிஸ் முடிந்த மாலையில் மாமா பிழிந்த துணிபோல் வருவார். அந்த நேரத்தில் நடக்கச் சொல்பவன் மூடன். நான் சொல்வது மற்ற நாட்களை. இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டிலேயே பத்துப் பத்து நிமிடமாக இருமுறை மெல்ல நடந்தார்கள். ஆறு மாதத்தில், ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்து கடக்கும் தொலைவு 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. நடைப்பயிற்சி இல்லாத பிரிவினர் 321-லிருந்து 324-க்கு வந்தார்கள், அவ்வளவே. முப்பத்தொன்பது மீட்டர் உங்களுக்கும் எனக்கும் அற்பம். மாமாவுக்கு அது வாசலிலிருந்து பால் கடைக்குப் போகும் தூரம்.

ஆகவே தொண்டர் குழுவுக்கு நான் சொல்வது இதுதான். எழ முடியாதவரைத் தள்ளிச் செல்லுங்கள். எழ முடிந்தவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து வராதீர்கள். மருத்துவர் தடுக்கவில்லையென்றால் தோள் கொடுத்து உடன் நடங்கள். அரை மணி தாமதமானால் ஆகட்டும். நமக்கு என்ன அவசரம், உணவு விடுதிச் சாம்பார்தானே ஆறும்? மாதம் ஒரு முறை கைப்பேசியில் நேரம் பார்த்து, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழ வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். தசைத் தேய்வை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்தபடி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டியதாகும். உணவைப் பற்றி ஊட்டச்சத்து வல்லுநரிடம் நோயாளிக்காக நீங்களே கேட்டு, தமிழில் எழுதிக் கொடுங்கள். இவற்றில் எதற்கும் பணம் வேண்டாம்.

மாமாவுக்கு முதன்முதலில் 21 வினாடி ஆயிற்று. மூன்றாவது முறை எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவரிடம் கேட்டு உணவு மாறியது. முட்டை திரும்பி வந்தது. மாலையில் சந்து முனை வரை நடை. நான்கு மாதம் ஆயிற்று. சென்ற ஞாயிறு 16 வினாடி. இரத்தத் தாளில் கிரியாட்டினின் சற்றே ஏறியிருக்கிறது. அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். மருத்துவர் பொட்டாசியத்தையும் மற்ற எண்களையும் பார்த்துவிட்டு, அஞ்ச ஒன்றுமில்லை என்றார். "அப்போ இப்பத்தான் கேசரி கிண்டணும் மாப்ளே" என்றார் மாமா.