குடகுக் கத்தி: அணிபவருக்குச் சலுகை, வடிப்பவருக்கு என்ன?

பெங்களூரு: குடகர்களின் ஆயுத உரிமை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் துப்பாக்கியே முன்னிற்கிறது. இடுப்பில் செருகப்படும் பீச்சேகத்தியும் அதை வடிக்கும் பட்டறையும் பேச்சில் இடம்பெறுவதில்லை. இப்போதைய விலக்கு 2029 அக்டோபர் 31-ஆம் தேதியுடன் முடிவடைய இருக்கும் நிலையில், இந்த விடுபடல் கவனத்திற்குரியது.

மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன் 1861-இல் ஆயுதப் பறிமுதல் சட்டத்திலிருந்து குடகர்களுக்கு விலக்களித்தார். விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு அதை நீட்டித்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த நீதிமன்றம் கப்பன் பெயர் கொண்ட பூங்காவை ஒட்டியே அமைந்திருப்பது தற்செயல்தான்.

கத்தியைப் பொறுத்தவரை சட்டத்தின் அளவுகோல் வேறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளே ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுப் பயன்பாட்டிற்கும் வேளாண்மைக்கும் உரியவை அதில் சேரா. பீச்சேகத்தியின் அலகு பொதுவாக 7 அங்குல அளவிலானது. கிளி மூக்குப் போல வளைந்த பிடி, வெள்ளிப் பட்டையிட்ட உறை, அதிலிருந்து தொங்கும் சங்கிலியில் காதுக்குறும்பி, முள்வாங்கி போன்ற சிறு கருவிகள் என இரும்பு வேலையும் வெள்ளி வேலையும் ஒன்றுசேரும் பொருள் இது. முற்காலத்தில் பிடிக்குத் தந்தமும் பயன்பட்டது. வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. முதுகுப்புறம் பித்தளைக் கொக்கியில் செருகப்படும் அகன்ற ஒடிக்கத்தி இதன் மூத்த உறவு. திருமணத்தில் வாழைத் தண்டை வெட்டும் சடங்கும், செப்டம்பரில் வரும் கைல்போது ஆயுத வழிபாடும் இக்கத்திகளுக்கான தேவையை இன்றும் உயிருடன் வைத்திருக்கின்றன.

அத்தகைய சடங்கு எதுவும் வாய்க்காததே உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் மடக்குக் கத்திக்கு நேர்ந்த கதி. நவாபுகள் காலத்தில் பெயர்பெற்ற அக்கத்தி, மடித்தால் சட்டைப் பைக்குள் மறைந்துவிடும். அந்த வசதியே பின்னர் அதற்குப் பகையானது. இந்தித் திரைப்படங்கள் அதை ரவுடியின் கையில் கொடுத்தன. மாநில அரசோ 1990-களில் 4.5 அங்குலத்திற்கு மேற்பட்ட அலகுகளுக்குத் தடை விதித்தது. டெல்லியில் விசை வைத்த கத்திக்கு இதைவிடக் கடுமையான வரம்பு: 7.62 சென்டிமீட்டர். தொழிலாளர் பலர் வேறு வேலைக்குச் சென்ற பின், 2023 மார்ச்சில் ராம்பூர் நகரச் சந்திப்பில் 6 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கத்திச் சிலை திறக்கப்பட்டது. சிலை நகருக்கு அடையாளமாகலாம். பட்டறைக்கு வேலை தருவது வாங்குவோரின் தேவையே.

குடகில் தேவை இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு முழுவதும் ஆயுதத்தை வைத்திருப்பவருக்கே. உலையில் நிற்பவருக்கு அதில் பங்கில்லை. மரபாகக் கொல்லுத் தொழில் செய்துவந்த ஐரி சமூகத்தினர் விலக்கு பற்றிய வாதங்களில் பேசப்படுவதில்லை. இயந்திரத்தில் வெட்டிய தகட்டுக்கு வெள்ளி முலாம் பூசி யாரேனும் பீச்சேகத்தி என்று விற்றால், விலக்கு அறிவிக்கை அதைத் தடுக்காது.

அதைத் தடுக்கக்கூடியது புவிசார் குறியீடு. பெங்களூருக்கு அருகேயுள்ள சன்னபட்டணத்தின் மரப்பொம்மைகள் அதைப் பெற்றுள்ளன. குடகின் ஆரஞ்சும் அரபிகா காப்பியும் பெற்றுள்ளன. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலிருந்தே கைவினைப் பொருள்களையும் ஏற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கைவினைக்கான பொது விதியை 2025 டிசம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் தனி நபரின் விண்ணப்பத்தை ஏற்பதில்லை. உற்பத்தியாளர் சங்கமோ உரிய அமைப்போ முன்வர வேண்டும். தனித்தனிப் பட்டறைகளாக இயங்குவோர் ஒரு சங்கமாகத் திரள்வதற்கு மடிக்கேரியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ முதல் உதவி வந்தாக வேண்டும்.