பீங்கான் தட்டும் பழிச்சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழாவில் சிறப்புரை ஆற்ற அழைத்திருந்தார்கள். மாணவியர் மிகுந்த அவை. ஆகவே பெண்மணி ஒருவர் கண்டுபிடித்த பொருளைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என எண்ணி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதையைச் சொன்னேன். அமெரிக்க நாட்டில், இல்லினாய் மாநிலத்தில், ஷெல்பிவில் என்னும் சிற்றூரில் ஜோசபின் காக்ரேன் என்ற சீமாட்டி வாழ்ந்தார். விருந்து படைப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். முன்னோர் வழிவந்த பீங்கான் தட்டுகளை அவருடைய பணியாட்கள் கவனமின்றிக் கழுவி, விளிம்பு தெறிக்கச் செய்தனர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சீமாட்டி, கடைசியில் தாமே ஓர் இயந்திரத்தை ஆக்கிவிட்டார். ஆகவே மாணவச் செல்வங்களே, செய்யும் தொழிலில் கவனம் வேண்டும், விடாமுயற்சி வேண்டும் என்று முடித்தேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை.

அன்றிரவு உணவு மேசையில், வந்திருந்த விருந்தினரிடம் அதே கதையை மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கு இல்லத்தில் சமைத்துப் பாத்திரம் துலக்கும் அம்மா எச்சில் தட்டுகளை எடுக்க வந்தவர், சற்று நின்று கேட்டார்: "தட்டை உடைச்ச பிள்ளைங்க என்ன ஆனாங்க சாமி?"

நான் விழித்தேன். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்வோர் எவரும் சொல்வதில்லை. அவர்களுடைய பெயரும் சொல்லப்படுவதில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் அவர்களைப் பற்றி நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: உடைத்தார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்துவிட்டு, அந்தக் குற்றத்தின் மேல் ஒரு நீதியையும் கட்டி, மேடைதோறும் சொல்லி வருகிறோம். நானும் சொன்னவன்தான். அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு அவ்வியந்திரத்தின் அமைப்பை ஊன்றிப் படித்தேன். படித்தபின் எனக்கு ஏற்பட்ட உறுதி இது: அந்தப் பணியாட்கள் குற்றமற்றவர்கள், அவர்களைப் பழித்த கதையிலேயே அவர்களுக்கான விடுதலைத் தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு வேறொன்றுமன்று, அந்த இயந்திரமேதான்.

முதலில் கழுவும் தொட்டியைப் பார்ப்போம். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் காலமன்று அது. அடுப்பில் காய்ச்சிய நீரைத் தொட்டியில் ஊற்றி, சோப்பைக் கரைத்து, விருந்தில் புழங்கிய தட்டுகளையும் கோப்பைகளையும் அதில் அமிழ்த்த வேண்டும். இறைச்சிக் கொழுப்பு உறைந்த தட்டு நல்ல சூட்டில்தான் இளகும்; அந்தச் சூட்டைக் கை தாங்காது. கை தாங்கும் சூட்டிலோ கொழுப்பு முழுவதும் போகாது; ஆகவே அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு இறுகப் பற்ற வேண்டும். சோப்பு நீரோ பற்றிய கையை வழுக்குகிறது. நுரைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை எடுக்கையில் மற்றொன்று சாயும். விளிம்போடு விளிம்பு மோதினால் பீங்கான் சில்லாகத் தெறிக்கும். இத்தனைக்கும் நடுவில் நாம் அறிவுரையாக வழங்கும் அந்தக் 'கவனம்' எங்கே வந்து நுழையும்? குருமடத்தில் படித்த காலத்தில் நாங்களும் முறைவைத்துப் பாத்திரம் துலக்கினோம். எங்களுடையவை அலுமினியத் தட்டுகள். நழுவினால் ஓசை எழும், உடையாது. எங்கள் கவனத்தை அதிபர் அடிகளார் ஒருமுறை பாராட்டியதுண்டு. அந்தப் பாராட்டு முழுவதும் அலுமினியத்துக்கே உரியது என்று இப்போது தோன்றுகிறது.

கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. பணியாட்களிடமிருந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டு, காக்ரேன் அம்மையார் தாமே தட்டுகளைக் கழுவத் தொடங்கினார் என்பதே அது. தம் தட்டுகளின்மேல் அவரைக் காட்டிலும் அக்கறை கொண்டவர் யார் இருக்க முடியும்? பணியாட்களின் கவனக்குறைவுதான் நோய் என்றால், உரியவரின் கையே மருந்தாகியிருக்க வேண்டுமல்லவா? அவர் அந்த முடிவுக்கு வரவில்லை. இந்த வேலையை மனிதக் கை இனிச் செய்யலாகாது என்ற முடிவுக்கு வந்தார். சில நாள் தம் கையைத் தொட்டியில் நனைத்த பிறகுதான் அந்த ஞானம் பிறந்தது.

அவருக்கு முன்பே ஆண்கள் இருவர் இம்முயற்சியில் இறங்கியிருந்தனர். 1850 ஆம் ஆண்டில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தாலான ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சக்கரத்தைச் சுழற்றினால் அது தட்டுகளின்மேல் நீரை வாரியிறைக்கும். அவ்வளவுதான், தட்டுத் துலங்கவில்லை. 1865 இல் அலெக்சாண்டர் என்பவர் பற்சக்கரமும் கைப்பிடியும் வைத்து, தட்டுகளை நீருக்குள் சுழற்றும் கருவி ஒன்றை அமைத்தார். அதுவும் நிலைக்கவில்லை.

அம்மையார் தொடங்கிய இடம் வேறு. அவர் முதலில் அளவு எடுத்தார். தட்டு, கோப்பை, சாசர் ஒவ்வொன்றையும் அளந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே பொருந்தி நிற்குமாறு கம்பியால் அறைகளை வளைத்தார். அந்த அறைகள் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தப்பட்டன. சக்கரம் செம்பாலான ஒரு கொதிகலத்துக்குள் படுக்கை வாட்டில் கிடந்தது. சக்கரம் சுழல, அடியிலிருந்து பம்பு சூடான சோப்பு நீரைத் தட்டுகளின்மேல் விடாது பாய்ச்சியது. அதன்பின் அலசுவதற்குத் தூய வெந்நீர். தேய்க்கும் துணியில்லை, தூரிகையில்லை. நீரின் விசையே தேய்த்தது. கை உள்ளே நுழையாததால் கை தாங்காத சூட்டையும் பயன்படுத்த முடிந்தது. அத்தனை சூட்டில் அலசிய தட்டு தானாகவே உலர்ந்தது. இல்லினாய் மத்திய இரயில்வேயில் பணியாற்றிய ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளர் துணைநிற்க, வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டகையில் இது உருவாயிற்று. 1885 டிசம்பர் 31 இல் விண்ணப்பித்து, 1886 டிசம்பர் 28 இல் 3,55,139 என்னும் எண்ணுடைய காப்புரிமையை அம்மையார் பெற்றார்.

வாசக அன்பர்கள் அந்தக் கம்பியறையைச் சற்று உற்று நோக்க வேண்டுகிறேன். அது செய்யும் வேலை என்ன? ஒரு தட்டை மற்றொரு தட்டிலிருந்து பிரித்து வைக்கிறது, வழுக்காதபடி பிடித்துக்கொள்கிறது. எந்தத் தட்டுக்கும் அது அறிவுரை கூறுவதில்லை. பணியாட்களிடம் இல்லை என்று நாம் குறைகூறும் பொறுப்புணர்ச்சி அந்தக் கம்பிக்கு ஒரு துளியும் கிடையாது. பிரித்து வைத்தவுடன், இறுகப் பிடித்தவுடன் தட்டு உடைவது நின்றது என்றால், உடைந்ததற்குக் காரணம் பிரித்து வைக்கப்படாமையும் பிடிக்க இயலாமையும்தானே? தொட்டியின் அமைப்பில் இருந்த குற்றத்தைத் தொட்டியருகில் நின்றவர்களின் ஒழுக்கக் குற்றமாக்கியது யார்? கதை சொன்ன நாம்தான்.

"அந்தப் பணியாட்கள் உண்மையாகவே அசட்டையாக இருந்திருக்கலாமே" என்று யாரேனும் கேட்கக்கூடும். இருந்திருக்கலாம். பிறர் வீட்டு விருந்து முடிந்து, நள்ளிரவில், ஆறிப்போன எண்ணெய் நீரில் பத்துப் பன்னிரண்டு பேர் உண்ட தட்டுகளைக் கழுவும் மனிதர் அசட்டையாக இருப்பதை ஒரு நல்ல அமைப்பு எதிர்பார்த்தே ஆக வேண்டும். சோர்ந்த கைக்கும் ஈடுகொடுக்காத கருவி, கருவியே அன்று.

'சீமாட்டி' என்ற சொல்லையும் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 1839 இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்த ஜோசபின், பொறியாளர் ஒருவரின் மகள். நீராவிப் படகின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் ஃபிட்ச் என்பாரின் வழியினர். பத்தொன்பதாம் வயதில் வில்லியம் காக்ரன் என்ற வணிகரை மணந்தார். கணவரின் பெயர் ஈற்றில் ஓர் எழுத்தைக் கூட்டிக் 'காக்ரேன்' என்று எழுதிக்கொள்ளும் அளவுக்குப் பகட்டும் அவரிடம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1883 இல் கணவர் இறந்தபோது அவர் விட்டுச் சென்றது பெரும்பாலும் கடன். நாற்பத்து நான்கு வயதுக் கைம்பெண், கடன்காரர்களுக்கு நடுவில், விறகுக் கொட்டகையில் நின்று செய்த வேலை இது. செல்வச் சீமாட்டியின் பொழுதுபோக்கு என்று இதைச் சொல்வது பிழை. அவருக்குப் பிழைக்க வழி வேண்டியிருந்தது.

அவரும் பழிச்சொல்லுக்குத் தப்பவில்லை என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி. இயந்திர நுட்பம் முறையாகக் கற்றவரல்லர் என்பதால், அவர் சொன்னபடி செய்ய ஆண் தொழில்நுட்பர்கள் முன்வரவில்லை. தங்கள் வழியிலேயே செய்து பார்த்து, தோற்று, அதன் பிறகே அம்மையாரின் வழி சரி என்று ஒப்பினர். அந்தத் தோல்விகளுக்கான செலவோ அம்மையாரின் தலையில் விழுந்தது. பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். தொட்டியருகில் நின்று கழுவியவரின் அறிவு, வரைபடம் தீட்டத் தெரிந்தவரின் அறிவுக்கு முன்னால் எடுபடவில்லை. அம்மையாரின் பேச்சுக்கே இந்த நிலை என்றால், அவருடைய பணியாட்கள் வாய் திறந்து, "அம்மா, தொட்டி சரியில்லை" என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இயந்திரத்தை முதலில் வாங்கியது சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதி. அடுத்து ஷெர்மன் ஹவுஸ் விடுதிக்கு அவர் தனியே போனார். தந்தையோ கணவரோ உடன்வராமல் எங்கும் சென்று பழகாத அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அவ்விடுதியின் முன்கூடம் ஒரு மைல் அகலமாகத் தோன்றியதாம். மயங்கி விழாமல் கடந்து, 800 டாலருக்கு ஆணை பெற்றுத் திரும்பினார். 1893 இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், திரண்டு வந்த மக்களுக்கு உணவளித்த உணவகங்களில் அவருடைய இயந்திரங்கள் உழைத்தன. உறுதியான இயந்திர அமைப்புக்காகப் பரிசும் கிடைத்தது. பின்னர் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வாங்கின.

இல்லங்கள் மட்டும் வாங்கவில்லை. வீட்டுக் கொதிகலங்கள் அத்தனை வெந்நீர் தர இயலாதவை. பல ஊர்களில் நீர் கடினமானது, சோப்பு நுரைக்காது. இவை வெளிக் காரணங்கள். அம்மையார் கண்ட உட்காரணம் வேறு. சமையலறைக்கு எழுபத்தைந்து, நூறு டாலர் செலவிடுவது என்றவுடன், அந்தப் பணத்தில் வேறு என்னென்ன வாங்கலாம் என்றே பெண் கணக்கிடுகிறாள். தன் நேரத்துக்கும் நலனுக்கும் ஒரு விலை உண்டு என்று எண்ண அவள் இன்னும் கற்கவில்லை. அதுவுமன்றி, வீட்டில் பெருந்தொகையைச் செலவிடும் முடிவு அவளுடையதன்று. இப்பொருள்பட அவர் பேட்டி ஒன்றில் கூறினார். இதைக் காட்டிலும் கூர்மையாக இந்த உண்மையை எந்த மேடையில் கேட்டிருக்கிறோம்? விடுதி முதலாளிக்கு உடைந்த தட்டின் விலை தெரியும், தட்டுக் கழுவுபவரின் கூலியும் தெரியும், ஆகவே வாங்கினார். வீட்டிலோ கழுவுகிற கைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத உழைப்பை மிச்சப்படுத்த யாரும் காசு கொடுப்பதில்லை. இயந்திரம் பெண்ணைச் சோம்பேறி ஆக்கிவிடும் என்று அஞ்சும் நம் நண்பர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம். அது வீட்டுக்குள் பரவலாக நுழைய 1950 கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்மையாரை நான் குறையே இல்லாதவராக்க முனையவில்லை. அவருடைய கதை முழுவதிலும் இரக்கம் தட்டின்மீதே பொழிகிறது. வெந்நீரில் வெந்த கையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் தட்டைக் காப்பதற்கென்று வளைக்கப்பட்ட கம்பி, கையையும் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. எண்ணியதைவிட அமைப்பு நல்லதாக அமைந்துவிட்டது. 1913 இல் அவர் சிகாகோவில் இறந்தார். அவருடைய நிறுவனத்தை 1926 இல் ஹோபார்ட் என்ற நிறுவனம் வாங்கியது. இதற்கிடையே 1924 இல் இங்கிலாந்தில் வில்லியம் லிவென்ஸ் என்பவர் வீட்டுக்கேற்ற சிறிய இயந்திரம் ஒன்றை அமைத்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயுக் கலங்களை எறியும் கருவியை வடித்த அதே மனிதர்! அவருடைய அமைப்பில் தட்டுகள் அசையாமல் நிற்க, நீர் தெளிக்கும் குழல் சுழன்றது. இன்றைய இயந்திரங்கள் செல்லும் வழி அது. சுழல்வது மாறிற்று, தட்டைத் தனியே நிறுத்தும் கம்பியறை மட்டும் மாறவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பங்கரை வாசற்படியில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். கம்பியறை பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, "அந்தப் பிள்ளைங்களுக்குச் சம்பளத்துல பிடிச்சிருப்பாங்க இல்ல சாமி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.