வசதி இல்லாதவன் நாய் வளர்க்கக் கூடாதா?

குளுவாங் சொந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நாய்க்கோ பூனைக்கோ வைத்தியம் பார்க்க யாராவது உதவி கேட்டா, உடனே ஒரு கேள்வி வருது: "காசு இல்லன்னா எதுக்கு வளர்க்குறீங்க?" கேட்க நியாயமா தெரியும். ஆனா அது நியாயம் இல்லீங்க.

யாரு வளர்க்குறாங்கன்னு பாருங்க. தோட்டத்துல காவலுக்கு இருந்த நாயை விட்டுட்டு வர மனசில்லாம மலிவு விலை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த குடும்பம். பிள்ளைங்க சிங்கப்பூர் போயிட, பூனையே துணைன்னு இருக்கிற பாட்டி. இவங்க யாரும் கடையில காசு கொடுத்து வாங்கல. பெட்டியில போட்டு கோயில் வாசல்ல யாரோ இறக்கிட்டுப் போன குட்டிங்களை எடுத்துட்டுப் போனவங்களும் இவங்கதான். காரில் வந்து இறக்கிட்டுப் போனவரை யாரும் கேள்வி கேட்கல. எடுத்து வளர்த்தவங்களைத்தான் கேட்கிறோம்!

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பார்வோ வந்த குட்டியைச் சில நாள் தனியார் கிளினிக்கில் வச்சு டிரிப் ஏத்தினா ஆயிரம் வெள்ளியைத் தொட்டுடலாம். வாடகை கட்டுவாங்களா, நாயைப் பார்ப்பாங்களா? அப்போதான் வீட்டு வைத்தியம் ஆரம்பிக்குது. பூனைக்குப் பனடால் கொடுக்கிறாங்க. தயவு செய்து கொடுக்காதீங்க, அது பூனைக்கு விஷம். அரை மாத்திரையே உயிரை எடுத்துடும்.

விலங்குகள் நலச் சட்டம் 2015 நல்ல சட்டம்தான். கொடுமை செஞ்சா 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூணு வருஷம் வரை சிறை. வளர்க்கிறவர் நோயிலிருந்து பிராணியைக் காப்பாத்தணும்னும் அது சொல்லுது. சரி, எந்தக் காசுல? கடமையை மட்டும் கொடுத்துட்டு வழியைக் காட்டலன்னா அந்தச் சட்டம் ஏழைக்கு மட்டும்தான் சுமை.

"இது பணக்காரன் பேச்சு, மனுஷனுக்கே மருந்து இல்ல" என்பவர்களுக்கும் பதில் இருக்கு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தது. 2017இல் சரவாக்கில் பரவி மனித உயிர்களையே எடுத்தது. நாய்க்குப் போடுற தடுப்பூசி நம்ம பிள்ளைங்களுக்கும் பாதுகாப்பு.

நம்ம ஊர் பேரே கெலுவாங் என்கிற பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. மலேசியக் கால்நடை மருத்துவக் கழகமும் இங்கேதான் இருக்கு. இப்படிப்பட்ட ஊர்ல ஓர் ஏழை வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்யக் கடன் வாங்கணுமா?

வழி இல்லாம இல்ல. லண்டனில் 1917இலேயே மரியா டிக்கின் அம்மையார் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவம் ஆரம்பிச்சாங்க, உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல! சென்னையில் புளூ கிராஸ் 1964இல் தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கியது. 1996இல் மாநகராட்சியும் நாய்களைக் கொல்றதை விட்டு அந்த வழிக்கு வந்தது. நம்ம நாட்டிலேயே எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர் குறைந்த கட்டணக் கருத்தடைக்குன்னே 'கிளினிக் கெம்பிரி' நடத்துது.

நான் கேட்கிறது மூணுதான்.

நகராண்மைக் கழகமும் கால்நடைச் சேவைத் துறையும் சேர்ந்து பி40 குடும்பங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவையாவது மலிவு விலைக் கருத்தடை, தடுப்பூசி முகாம் நடத்தணும்.

கோயில் நிர்வாகங்கள் இடம் கொடுக்கணும். பைரவர் வாகனத்துக்கு வடைமாலை நாளில் மட்டும் மரியாதையா? மண்டபம் வாரநாளில் காலியாத்தானே கிடக்கு. திருவிழா உபயத்துல ஒரு சின்னப் பங்கை ஒதுக்கினா சாமி கோவிச்சுக்காது.

மூணாவது, வளர்க்கிற நாம. ஒரு பெட்டை நாய் சுமார் 63 நாளில் குட்டி போடும், வருஷத்துல ரெண்டு தடவைகூட. கருத்தடை செய்யுங்க. நோய் முத்தும் முன்னாடியே மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் என்ன சேவை இருக்குன்னு கேளுங்க. கிளினிக்கில் தவணையில் கட்டலாமான்னு வெட்கப்படாம கேளுங்க.

மண்டபம் கொடுக்கத் தயாரா இருக்கிற நிர்வாகமும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடிஞ்ச டாக்டரும் இதைப் படிச்சா கீழே ஒரு வார்த்தை எழுதுங்க. நாற்காலி போடுறது, பெயர் பதியுறது, கூண்டு கழுவுறது எல்லாம் எங்க தொண்டர் படை பார்த்துக்கும்.