நானூறு வளைவுகளுக்கு மேலே

விவேக் நகரில் கிட்டத்தட்ட இரண்டு வருடங்களில் பெய்யும் மழை, சிலாவோஸில் ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. 1952 மார்ச்சில், 24 மணி நேரத்தில் 1,870 மி.மீ. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், அணைந்துபோன எரிமலையின் மடியில் இருக்கும் சிற்றூர் அது.

பெங்களூரிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறியவர்கள் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஊர் திரும்பியும் பேசுவார்கள். தீவின் கடற்கரையோரம் இருக்கும் சான் லூயியிலிருந்து சிலாவோஸுக்கு வெறும் 37 கி.மீ.தான். வளைவுகளோ 400க்கு மேல். பாறையைக் குடைந்த சில சுரங்கங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நுழையுமுன் ஹாரன் அடித்துவிட வேண்டும். ஓரிடத்தில் சாலை சுற்றி வந்து தன்னையே பாலமாகக் கடக்கிறது. ஒரு பக்கம் அதல பாதாளம். அண்ணாந்தால் 3,000 மீட்டரைத் தாண்டிய பித்தோன் தெ நேஜ் சிகரம். புயல் மழையில் பாறை சரிந்தால் ஊர் துண்டிக்கப்பட்டுவிடும்.

இந்தச் சாலை வந்ததே 1932ல்தான். அதற்குமுன், வெந்நீர் ஊற்றில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த வசதியானவர்களைக் கூலியாட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அவர்களுக்கும் முன்பு ஏறியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்: தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள். சிலாவோஸ் என்ற பெயருக்கு மலகாசி மொழியில் 'விட்டு நீங்காத இடம்' என்று பொருள் சொல்கிறார்கள்.

1848ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக் காட்டுக்கு ஆள் தட்டுப்பாடு. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் கப்பலேறினார்கள். ஒப்பந்தம் அவர்களைக் கீழே, கரும்போடு கட்டிப்போட்டது. மலை அவர்களுக்குத் தூரத்துக் காட்சிதான். 'மல்பார்' என்று அழைக்கப்படும் அவர்களது சந்ததியினர் இன்று அதே மலைக்குக் காரில் உல்லாசமாகப் போகலாம். அவர்களில் பலர் தீ மிதிப்பார்கள், சர்ச்சுக்கும் போவார்கள். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தமிழ்ப் பேச்சுதான் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு.

சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. முருங்கைக் கீரைக்குத் தீவில் 'மூரோங்' என்று பெயர். சிலாவோஸில் மதியச் சாப்பாடு என்றால் சோறு, அங்கேயே விளையும் சின்னஞ்சிறு மசூர்ப் பருப்பு, 'கரி', தொட்டுக்கொள்ள 'ருகாய்'. நம் ஊறுகாய் என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. ஆனால் அதில் ஊற வைப்பது எதுவும் இல்லை. தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அப்போதைக்கப்போது செய்வது.