கீறலும் கோல்ஃபும், கொஞ்சம் நக்கலும்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரம். டீம்ல ஒருத்தர் செல்போனைப் பார்த்து ரெண்டு ஆராய்ச்சித் தலைப்புகளைச் சத்தமா வாசிச்சார். ஒண்ணு, கடினமான படிகங்களை நானோ அளவில் கீறிப் பார்ப்பது. இன்னொண்ணு, கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பது. "இதுக்கெல்லாம் சம்பளம் வேறயா?"ன்னு மொத்த மேஜையும் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை. கல்லூரித் தோழன் ஒருத்தன் நாலு வருஷமா நீலக்கல்லைக் கீறிக்கிட்டு இருக்கான். கல்யாண வீட்டுல அவனைப் பார்க்கிற மாமாக்கள் கேட்கறதும் இதேதான்.

தலைப்பைப் படிச்சுட்டு சிரிக்கறது சோம்பேறித்தனம் மக்களே. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கீறல். எது எதைக் கீறும்னு வெச்சு 1812ல் ஃப்ரீட்ரிக் மோஸ் பத்துப் படி போட்டார். வைரம் 10, நீலக்கல் 9. பள்ளிக்கூடத்துல அதோட விட்டுட்டோம். நீலக்கல்லு, சிலிக்கன் எல்லாம் கண்ணாடி மாதிரி, நெளியாது, உடையும். ஆனா வைர முனையால சில பத்து நானோமீட்டர் ஆழம் மட்டும் கீறினா விரிசலே விடாது, வெண்ணெயை வழிக்கற மாதிரி வழியும். ஆழம் ஒரு எல்லையைத் தாண்டினா படக்குனு விரிசல். 1991ல் பிஃபானோ, டௌ, ஸ்கேட்டர்குட் மூணு பேரும் இதுக்குச் சொன்ன கணக்கு அழகு. விரிசல் விட ஆகிற சக்தி பரப்பளவைப் பொறுத்தது, நெளிய ஆகிற சக்தி கன அளவைப் பொறுத்தது. அளவு சின்னதாக ஆக கன அளவுதான் சீக்கிரம் குறையும். அப்போ கல்லுக்கே நெளியறதுதான் மலிவு! சிலிக்கன் இன்னும் ஒரு படி மேல. அழுத்தம் 11, 12 கிகாபாஸ்கல் வாக்கில் போனா அந்த இடம் கொஞ்ச நேரம் உலோகமாவே மாறிடும்.

இதனால யாருக்கு லாபம்? எல்.இ.டி பல்புக்குள்ள இருக்கிற பொருள் நீலக்கல் தகட்டு மேலதான் பெரும்பாலும் வளர்க்கப்படுது. மின்சாரக் கார்ல வர்ற சிலிக்கன் கார்பைடு சிப்பும் இதே சாதிக் கல்லுதான். தகட்டை இழைக்கும்போது அடியில கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தா சிப் காலி. எவ்வளவு ஆழம் வரை தாங்கும்னு யாராவது கீறித்தானே பார்க்கணும்?

அடுத்தது கோல்ஃப். குழி 108 மில்லிமீட்டர் அகலம். பந்து அசையாம கிடக்கு, தடுக்க ஆளில்லை. அப்படியும் 1970 ஓபன்ல, செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் கடைசிக் குழியில், மூணு அடி கூட இல்லாத தூரத்துல டக் சாண்டர்ஸ் கோட்டை விட்டார். மறுநாள் கோப்பை நிக்லஸுக்கு. கை மறந்துபோகலை, தலைக்குள்ள ஏதோ ஆச்சு. அந்த நேரத்துல ஆட்டக்காரர் உடம்பு அதிகம் அசையாதுங்கறதால இ.இ.ஜி எடுக்க வசதி. 1993ல் க்ரூஸும் லேண்டர்ஸும் பார்த்தாங்க. தட்டறதுக்கு முந்தின நொடியில, தேர்ந்தவங்களுக்கு இடது மூளையில ஆல்ஃபா அலை கூடுது. அதாவது உள்ள வளவளன்னு பேசற பகுதி அடங்குதுன்னு விளக்கம் சொல்றாங்க. அப்புறம் சியான் பைலாக் குழு காட்டினது இன்னும் சுவாரசியம். கைவீச்சைக் கவனிச்சு ஆடச் சொன்னா புதுசா கத்துக்கறவனுக்கு நல்லது, தேர்ந்தவனுக்குக் கெடுதல். மேனேஜர் பின்னாடி நின்னு பார்க்கும்போது கோட் அடிச்சவங்களுக்கு இதை விளக்க வேண்டாம் :-)

எல்லாம் தங்கம்னு சொல்லலை. இந்த மூளை ஆய்வுகள்ல பலது பத்து இருபது பேரை வெச்சுப் பண்ணது. அதைக் காட்டி ஹெட்செட் விக்கறவங்களை நான் நம்பறதில்லை. ஆனா அது ஆய்வைப் படிச்சுட்டு வைக்கற குறை. தலைப்பைப் பார்த்து அடிக்கற நக்கல் வேற.

அமெரிக்காவுல வில்லியம் ப்ராக்ஸ்மையர்னு ஒரு செனட்டர், 1975லேர்ந்து 1988 வரைக்கும் அரசுப் பணம் வீண்னு 'கோல்டன் ஃப்ளீஸ்' நக்கல் விருது கொடுத்துக்கிட்டு இருந்தார். குரங்கு எப்போ பல்லைக் கடிக்குதுன்னு ஆராய்ஞ்ச ரொனால்ட் ஹட்சின்சனுக்கும் கொடுத்தார். குறுகின இடத்துல ரொம்ப நாள் அடைஞ்சு கிடக்கறவங்களைப் பத்தின கேள்விக்காக நாசாவும் கடற்படையும் பணம் போட்ட வேலை அது. மனுஷன் வழக்குப் போட்டார், 1979ல் உச்ச நீதிமன்றம் வரை போனார். கடைசியில செனட்டர் 10,000 டாலர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்.

கீறணும்னு தோணறவங்க பின்னூட்டத்துல கீறுங்க. முழுசாப் படிச்சுட்டு.