இறந்தவர் தாட்சண்யம்

ஓர் ஊஞ்சல் பலகைக்காக நான் மூன்று வருஷம் அதிகமாக வீட்டு வாடகை கொடுத்தேன். அந்த ஊஞ்சல் என்னுடையதும் அல்ல. அதில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததும் இல்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு, "எல்லாம் இந்தக் கோர்ட்டுத் தாமதம், ஐயா!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். சிரிப்பை மன்னித்து விடலாம். பெருமூச்சைத்தான் மன்னிக்க முடியவில்லை. குற்றவாளியைத் தப்ப விட்டுவிட்டு வேறொருவர் மேல் பழி போடுகிற பெருமூச்சு அது.

2018-ஆம் வருஷம் தை மாதத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசினேன். வீட்டுக்காரர் காகித வியாபாரம் செய்தவர். நாணயஸ்தர் என்று பெயர் எடுத்தவர். முந்தின வருஷம் காலமாகியிருந்தார். உயில் எழுதி வைத்திருந்தார். வீட்டை விற்க வேண்டியது. வருகிற பணத்தில் ஒரு பகுதியை மனைவியின் ஜீவனத்துக்காகப் பாங்கியில் போட வேண்டியது. மிச்சத்தை மகனும் மகளும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டியது. இவற்றைச் செய்து முடிக்க இரண்டு எக்ஸிக்யூட்டர்கள். ஒருவர் மகன், மற்றவர் மாப்பிள்ளை. எதற்கும் இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

என் வக்கீல் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"மைத்துனர்கள்தானே, சார்!" என்றேன் நான்.

மைத்துனர்களின் மனஸ்தாபத்தை வைத்தே நாலு நாவல் எழுதிப் பிழைத்தவன் சொல்லக் கூடிய வார்த்தையா அது? ஆனாலும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் 5 லட்சம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தேன். புரொபேட் கிடைத்த மூன்று மாதத்துக்குள் கிரயம் என்று ஒப்பந்தம்.

இந்தப் புரொபேட் என்பது, உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் கொடுக்கிற அத்தாட்சி. சென்னை நகர எல்லைக்குள் ஓர் இந்து எழுதிய உயிலுக்கு அப்போது அது கட்டாயமாக இருந்தது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அப்படிச் சொல்லியிருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்ட ஊர்களுக்கு ஒரு நியாயம். மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டைப் பற்றி உயில் எழுதினவருக்கு வேறொரு நியாயம். இந்துவுக்கு உண்டு, முஸ்லிமுக்கு இல்லை. கிறிஸ்தவருக்கு 2002 வரையில் இருந்து பிறகு இல்லாமல் போயிற்று. அர்த்தமில்லாத இந்தப் பிரிவைப் பாராளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. நல்ல காரியம். நூறு வருஷம் பொறுத்துச் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியந்தான்.

ஆனால் "இனிமேல் கவலை விட்டது" என்று சொல்லிக்கொண்டு என் நண்பர்கள் காப்பி சாப்பிடுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. என் கணக்கைக் கேளுங்கள். மனுப் போட்டு, பத்திரிகையில் விளம்பரம் செய்து, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைத் தேடிப் பிடித்து, புரொபேட் கைக்கு வருவதற்கு 14 மாதம் ஆயிற்று. 2019 சித்திரையில் அது வந்துவிட்டது. அதற்கப்புறம் நீதிமன்றத்துக்கு இந்த விஷயத்தில் வேலையே இல்லை. கிரயப் பத்திரம் பதிவானதோ 2022 சித்திரையில். ஆக, கோர்ட்டு எடுத்துக்கொண்டது 14 மாதம். மைத்துனர்கள் எடுத்துக்கொண்டது 36 மாதம். நடுவே 2020-இல் வந்த ஊரடங்கையும் அவர்கள் ஒரு சௌகரியமாகவே உபயோகித்துக்கொண்டார்கள்.

முதல் வருஷம் விலையைப் பற்றிய தகராறு. நான் மகனுக்கு ரகசியமாக ஏதோ கொடுத்திருக்கிறேன் என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். அது தீர்ந்ததும் ஊஞ்சல் வந்து சேர்ந்தது. கூடத்தில் பித்தளைச் சங்கிலியில் தொங்கிய தேக்கு ஊஞ்சல். "அப்பா உட்கார்ந்தது, பிள்ளைக்குத்தான் சேரும்" என்றார் மகன். "எடுத்துக்கொள்ளட்டும், விலை கட்டி என் மனைவிக்குப் பாதி கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் மாப்பிள்ளை. "எனக்கு ஊஞ்சல் வேண்டாம், அதன் விலை எவ்வளவோ அதை நானே தருகிறேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அது எங்கள் குடும்ப விஷயம், சார்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மூன்று வருஷத்தில் அவர்கள் ஒருமனப்பட்டது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

வழக்குப் போட்டிருக்கலாமே என்பீர்கள். வீடு வாங்கப் போனவன் வியாஜ்யத்தை வாங்கிக்கொண்டு வருவதா என்று பயந்தேன். வாடகையும் வட்டியும் எனக்குத்தான் நஷ்டம். அதைக்கூட எழுதிச் சம்பாதித்துக்கொள்ளலாம். எழுதியும் சம்பாதிக்க முடியாத நஷ்டம் அந்த வீட்டு அம்மாளுக்கு. வியாபாரியின் மனைவிக்குப் பென்ஷன் ஏது? ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று ஒரு பெட்டியோடு மாறிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மகன் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, எப்போ முடியும்? அவர் எனக்குன்னு போடச் சொன்ன பணம் வந்தா கண் ஆபரேஷனை முடிச்சுக்குவேன். இவங்களைக் கேட்க வேண்டியதில்லை பாருங்க."

அந்த அம்மாள் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் உயிலே எழுதினார்! பிறகு அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினார்? இதையும் அந்த அம்மாளே ஒரு சமயம் சொன்னார். மகனை மட்டும் போட்டால் சம்பந்தி வீட்டார் வருத்தப்படுவார்களாம். மாப்பிள்ளையை மட்டும் போட்டால், பெற்ற பிள்ளை இருக்கும்போது இதென்ன என்று ஊர் கேட்குமாம். இருவருக்கும் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். சேர்ந்து கையெழுத்துப் போட்டாலாவது சேர்ந்துவிட மாட்டார்களா என்று ஓர் ஆசை. தாம் உயிரோடு இருந்து செய்ய முடியாத சமரசத்தைத் தம்முடைய உயில் செய்துவிடும் என்று நம்பினார்.

இதற்குப் பெயர் தாட்சண்யம். இதை நாம் பெரிய குணமாகக் கொண்டாடுகிறோம். நான் சொல்கிறேன்: உயிரோடு இருப்பவனின் தாட்சண்யத்துக்கு அவனே விலை கொடுக்கிறான், இறந்தவரின் தாட்சண்யத்துக்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள். ஆகையால் அது குணம் அல்ல, கோழைத்தனம். யாருடைய முகம் கோணுவதையும் பார்க்க விரும்பாமல், தாம் பார்க்க முடியாத நாளுக்கு அதைத் தள்ளி வைக்கிற கோழைத்தனம்.

சட்டத்தைக் கரித்துக்கொட்டுகிறவர்கள் அதே சட்டத்தின் 311-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பல எக்ஸிக்யூட்டர்கள் இருந்தாலும், உயிலில் வேறு விதமாகச் சொல்லியிராத பட்சத்தில், புரொபேட் பெற்றவர்களில் எவர் ஒருவரும் எல்லாருடைய அதிகாரத்தையும் செலுத்தலாம், சொத்தையும் விற்கலாம். சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. பெரியவர்தான் ஒரு வரி எழுதி அதைச் சாத்தினார்.

"ஒருவரிடம் விட்டால் அவர் மோசம் செய்துவிட்டால்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் ஆஸ்திப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் எக்ஸிக்யூட்டர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தகாதவர் என்று தெரிந்தால் அவரை நீக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு பேரைப் போடுவது இதற்கெல்லாம் மேலான காவல் என்று நினைப்பது தவறு. மோசம் செய்ய முடியாமல் போவது வாஸ்தவம். நல்லதையும் செய்ய முடியாமல் போகிறது. 213-ஆம் பிரிவு ஒழிந்த பிறகும் இந்த இரண்டாவது கையெழுத்து ஒழியவில்லை. எந்தப் பாராளுமன்றமும் அதை ஒழிக்க முடியாது.

முடிவில் எங்கள் விவகாரத்தைத் தீர்த்து வைத்தவர் அந்த அம்மாள்தான். ஒரு வெள்ளிக்கிழமை, ஒருவரையும் கேட்காமல், தச்சரைக் கூப்பிட்டு ஊஞ்சலைக் கழற்றித் தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையாரிடம் போய்ப் பாதி விலை கேட்க எந்த மாப்பிள்ளைக்குத் துணிவு வரும்? அடுத்த மாதம் கையெழுத்தாயிற்று. அந்த அம்மாளுக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. மற்றதற்குக் காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உயில் எழுத உட்காரும் பெரியோர்களே! அடுத்த வாரமே ஒரு நாள் உட்காருங்கள். ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். எழுதுமுன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். இரண்டு பெயர் இல்லாமல் முடியாது என்றால், ஒத்துப்போகாதபோது யார் சொல் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். பிறகு பிள்ளையையும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரே உட்கார வைத்து, இன்னாரைப் போட்டிருக்கிறேன், இன்ன காரணம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போவார். போகட்டும். நீங்கள் இருக்கும்போதே கோபித்துக்கொண்டால் நீங்களே சமாதானம் சொல்லலாம்.