முகமூடிக்குள்ளும் நடிப்பு உண்டு

ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சி வீரர்களைப் பற்றி எங்கள் வகுப்பில் இவ்வாண்டு இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "அது சிறு பிள்ளைகள் பார்ப்பது. கையை ஆட்டுகிறார்கள், கத்துகிறார்கள், பின்னால் வெடி வெடிக்கிறது. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?" என்பது ஒரு கட்சி. "இருளும் இரத்தமுமாகப் பெரியவர்களுக்கு ஏற்றாற்போல் எடுத்தால் பார்க்கலாம்" என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டிலும் சேராதவள். ஆதலால் இரு தரப்புத் தோழியரிடமும் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். மதிய உணவு இடைவேளையில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

தண்டலத்தில் வசிக்கும் நமக்கு ஜப்பான் என்றால் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளும், ஷிஃப்ட் பேருந்துகளும்தாம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே ஜப்பானிய வீரர்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டார்கள். 1980களில் தூர்தர்ஷனில் 'ஜயண்ட் ரோபாட்' வந்தது. 2000களில் ஜெட்டிக்ஸ் தொலைக்காட்சியில் 'பவர் ரேஞ்சர்ஸ்' நல்ல தமிழிலேயே பேசியது. 'பவர் ரேஞ்சர்ஸ்' அமெரிக்கத் தொடர் அல்லவா என்று கேட்பீர்கள். முகமூடி அணிந்த பின் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஜப்பானில் எடுத்தவை. 1992இல் வந்த 'ஜூரேஞ்சர்' என்ற தொடரின் சண்டைகளை வாங்கி, அமெரிக்க இளைஞர்களை வைத்து மற்றக் காட்சிகளை எடுத்து, 1993இல் வெளியிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் மஞ்சள் உடை வீரர் ஓர் ஆண். அமெரிக்காவில் அதே உடைக்குள் இருப்பவள் ஒரு பெண். முகமூடி போட்டுவிட்டால் எவருக்கும் தெரியாது என்று எண்ணிவிட்டார்கள் போலும்!

நிற்க. நடிப்பே இல்லை என்னும் தோழியருக்கு என் பெரியப்பா சொன்னதைச் சொல்ல வேண்டும். ஊரில் டி.வி. பெட்டி உள்ள வீடுகள் மிகச் சில என்றிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து 'ஜயண்ட் ரோபாட்' பார்த்தவர் அவர். தொடர் ஆங்கிலத்தில் ஓடியது. அவருக்கோ அன்று ஒரு சொல்லும் புரியாது. ஆயினும் கதை முழுவதும் இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. ஒரு சிறுவன் கைக்கடிகாரத்தில் பேசிக் கட்டளையிடுகிறான். அவன் குரலுக்கு மட்டுமே அந்த இயந்திரம் பணிகிறது. கடைசிப் பாகத்தில் பகைவன் கில்லட்டின் வெடித்தால் உலகமே அழிந்துவிடும் என்ற நிலை. அப்போது அந்த ரோபாட் சிறுவன் எவ்வளவு அழைத்தும் கேளாமல், பகைவனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குச் சென்று ஒரு விண்கல்லில் மோதித் தன்னையும் அழித்துக்கொள்கிறது. எகிப்திய மன்னன் சிலை போன்ற அதன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது, விழவும் முடியாது. பெரியப்பா அழுதாராம், அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அழுதார்களாம். மொழியும் புரியாமல், முகமும் அசையாமல் பத்து வயதுப் பையனை அழ வைத்தது நடிப்பு இல்லாமல் வேறு என்ன?

முகம் தெரியாத நடிகர் உடம்பால்தான் பேச வேண்டும். கோபம் என்றால் தோளில் தெரிய வேண்டும். துக்கம் என்றால் தலை தாழ வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே தேர்ந்த நடிகர்கள் இருக்கிறார்கள். தகாய்வா செய்ஜி என்பவர் 'காமென் ரைடர்' தொடர்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முகமூடிக்குள் நின்று முதன்மை வீரராக நடித்தவர். 2007இல் வந்த 'காமென் ரைடர் டென்-ஓ'வில் ஒரே வீரனுக்குள் பல ஆவிகள் மாறி மாறிப் புகும். எந்த ஆவி புகுந்திருக்கிறது என்பதை நடையிலும் நிற்பதிலும் அவர் காட்டிவிடுவார்.

ஐந்து வீரர்கள் வரிசையாக நின்று தம் பெயரைத் தாமே முழங்குவதைப் பார்த்துத்தான் என் தோழியர் அதிகம் சிரிக்கிறார்கள். அவர்கள் நம் காஞ்சிபுரம் வட்டாரத்துப் பாரதக் கூத்தைப் பார்த்திருக்கிறார்களா? இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் வருகிறான். கட்டியங்காரன் "நீர் யார்?" என்று கேட்க, தன் பெருமையைத் தானே பாடி, சுழன்று சுழன்று ஆடிய பிறகுதான் கதையே தொடங்குகிறது. அதை மிகை நடிப்பு என்று யாராவது எழுந்து போகிறார்களா? ஜப்பானியருக்கும் கபுக்கி என்ற பழைய நாடகம் உண்டு. 1862இல் அரங்கேறிய ஒரு கபுக்கி நாடகத்தில் ஐந்து திருடர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தம் வரலாற்றைச் சொல்வார்கள். 1975இல் 'கோரெஞ்சர்' தொடரில் தோன்றிய ஐவருக்கும் அந்தத் திருடர்கள் தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஐவரில் ஒருத்தி மட்டுமே பெண் என்பது எனக்குக் குறைதான். அவள் முகமூடிக்குள்ளும் பல வேளைகளில் ஆணே இருந்தார் என்பது இன்னொரு குறை. கூத்திலே திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டி வந்திருக்கிறார்கள். ஆகவே ஜப்பானியரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

முகமூடி இல்லாத காட்சிகளில் நடிப்பு மட்டமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. முதன்முதலில் நடிக்க வரும் இளைஞர்களைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பத்து வாரம் கத்துவார்கள். ஓர் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் நடித்து நடித்து நம் கண்ணெதிரே கற்றுக்கொள்கிறார்கள். 2000இல் 'காமென் ரைடர் கூகா'வாக வந்த ஒடகிரி ஜோவும், 'டென்-ஓ'வில் நடித்த சாதோ தாகெருவும் பிற்காலத்தில் ஜப்பானின் பெயர் பெற்ற நடிகர்கள். இடையிடையே புதிய ஆயுதம் ஒன்று கதைக்குள் நுழைவதற்கும் பெரும்பாலும் பொம்மைக் கடைதான் காரணம். அந்த வாரங்களை நானே தாண்டிவிடுவேன்.

இரத்தம் கேட்கும் கட்சிக்கு வருகிறேன். 2023இல் 'ஷின் காமென் ரைடர்' என்ற திரைப்படம் அவர்கள் விருப்பப்படியே வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் துணை வேண்டும் என்ற தரச்சான்று பெற்ற படம் அது. இருக்கட்டும், பெரியவர்கள் பார்க்கட்டும். ஆனால் அப்படி எடுத்தால்தான் கதை கனமாகும் என்பதை ஏற்க மாட்டேன். 1966இல் தொடங்கிய 'அல்ட்ராமேன்' பூமியில் மூன்று நிமிடமே நிற்க முடியும். மார்பில் விளக்கு சிவந்து துடிக்கும். 1967இல் வந்த கடைசிப் பாகத்தில் ஜெட்டன் என்ற அரக்கனிடம் அவன் தோற்றே போகிறான். அரக்கனை வெல்பவர்கள் சாதாரண மனிதர்கள். வீரன் தோற்பதைச் சிறு பிள்ளைகளுக்குத் துணிந்து காட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கனம் வேண்டுமா?

சிறு பிள்ளைகள்தாமே என்று இரு கட்சியாரும் இலேசாகச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். அவர்களைப் போல நம்பிப் பார்ப்பவர்கள் வேறு யார்? 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' நினைவிருக்கும். அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தான செயல்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு நம்பிக்கையோடு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரைகுறையாக எடுத்துக் காட்டுவது நியாயமா? அவர்களைக் கூட்டத்திலிருந்தே விலக்கிவிட்டு, பதினைந்து வயதினராகிய நாம் மட்டும் அந்த வீரர்களை எடுத்துக்கொள்வதும் நியாயமா?

எதிர்க்கட்சித் தோழி ஒருத்தி, எதிலிருந்து தொடங்கலாம் என்று சென்ற வாரம் கேட்டாள். 'ஜயண்ட் ரோபாட்' என்றேன். கடைசிப் பாகத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்றாள். போதாது, இருபத்தாறு பாகங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும், முடிந்தால் பக்கத்தில் ஒரு சிறு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு.